மேசையே கேபினெட்: மலைமேல இருக்கறவங்க கேமிங் டெஸ்க் கட்டறதுக்கு முன்னாடி

கேமிங் டெஸ்க்னு கடைல கேட்டா கருப்பு மேசை, ஓரத்துல சிவப்பு லைட்டு, ஹெட்போன் மாட்ட ஒரு கொக்கின்னு தான் காட்டுவாங்க. நான் சொல்லப் போறது வேற ஐட்டம். கம்ப்யூட்டருக்குன்னு தனியா கேபினெட் வாங்காம மேசைக்குள்ளயே மதர்போர்டு (எல்லா பார்ட்ஸும் சொருகற பெரிய போர்டு), கிராபிக்ஸ் கார்டு (கேம் படத்த ஸ்க்ரீனுக்கு அனுப்பற கார்டு), எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்கற டப்பா) எல்லாத்தையும் உக்கார வச்சு, மேல கண்ணாடி போட்டு மூடிடறது. பாக்க அள்ளும். கட்டறதும் பெரிய வித்தை எல்லாம் இல்ல, ஒரு கார்பெண்டர், ஒரு வெல்டிங் பட்டறை, கொஞ்சம் பொறுமை இருந்தா போதும். ஆனா யூடியூப்ல இத கட்டிக் காட்டறவங்க பெரும்பாலும் சூடான ஊர்க்காரங்க, இல்லன்னா ஏசி ரூம்ல உக்காந்து கட்டறவங்க, அவங்க பேச்சு முழுக்க சூடு சூடு சூடு தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, அந்தப் பக்கம் கொடைக்கானல்னு மேல குடியிருக்கற நமக்கு சூடு ரெண்டாவது பிரச்சனை. மொத பிரச்சனை ஈரம். இத மனசுல வச்சுட்டு டிசைன் பண்ணீங்கன்னா மேசை வருஷக்கணக்கா ஓடும்.

மொதல்ல கேபினெட் என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா அத வேண்டாம்னு சொல்லிட்டா அது பாத்துட்டிருந்த வேலை மொத்தமும் மேசை தலைல வந்து விழும். பார்ட்ஸ தாங்கிப் பிடிக்கறது ஒரு வேலை, அது எல்லாருக்கும் தெரியும். காத்து எந்தப் பக்கம் உள்ள வரணும் எந்தப் பக்கம் வெளிய போகணும்னு வழி போட்டுக் குடுக்கறது இன்னொண்ணு. மூணாவது தான் பல பேரு கவனிக்காம விட்டுடறது, எர்த். இரும்பு கேபினெட்ல எஸ்எம்பிஎஸ்ஸோட பாடி ஸ்க்ரூ வழியா கேபினெட்ட தொட்டுட்டு இருக்கும், மதர்போர்டு, அத தகட்டுல இருந்து தூக்கிப் பிடிக்கற பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் வழியா தொட்டுட்டு இருக்கும், எல்லாம் சேந்து மூணு பின் பிளக்கோட எர்த் பின்ல போய் முடியும். நீங்க பாட்டுக்கு பிளைவுட் மேல நேரா ஸ்க்ரூ அடிச்சு மதர்போர்ட மாட்டிட்டா தகடு வழியா போற இந்த சங்கிலி அறுந்துடும், அது போக பிளைவுட்ல ஈரம் ஏறுனா அது மேலயே சர்க்யூட் போர்டு உக்காந்துட்டு இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

இதுக்கு நல்ல வழி, காயலான் கடைல ஒரு பழைய கேபினெட் வாங்கறது. வெளிய துரு புடிச்சிருந்தாலும் பரவால்ல, உள்ள மதர்போர்டு மாட்டற தகடும் பின்பக்கத்து போர்ட் எல்லாம் வெளிய வர்ற அந்த ஜன்னலும் கிராபிக்ஸ் கார்டு ஸ்க்ரூ போடற இடமும் நல்லா இருந்தா போதும். வெல்டிங் பட்டறைல குடுத்து கட்டிங் மெஷின்ல அந்தப் பகுதிய மட்டும் எல் ஷேப்ல ஒரே பீஸா வெட்டி வாங்கிக்கோங்க. ஸ்டாண்ட்ஆஃப் ஓட்டை எல்லாம் கரெக்டான அளவுல ஏற்கனவே இருக்கும், அத நாமளா அளந்து டிரில் பண்றதுக்குள்ள தாவு தீந்துடும். எஸ்எம்பிஎஸ்ஸையும் அதே தகட்டோட ஒரு இரும்புப் பட்டை போட்டு சேத்துடுங்க, பெயிண்ட் இருக்கற இடத்துல சுரண்டிட்டு மாட்டுங்க, அப்ப தான் உலோகமும் உலோகமும் தொடும். மாட்டி முடிச்சு கரண்ட் குடுத்ததும் தகட்டுல விரல் பட்டா சுர்ருன்னு ஒரு கூச்சம் தெரியுதுன்னா வீட்டு பிளக்ல எர்த் வேலை செய்யலன்னு அர்த்தம், பழைய எஸ்டேட் லைன் வீடுகள்லயும் ரொம்ப பழைய பங்களாக்கள்லயும் இது சகஜம், எலக்ட்ரீஷியன கூப்ட்டு அத சரி பண்ணிட்டு அப்புறம் கேம் விளையாடலாம்.

அடுத்தது அளவு. இங்க தான் கனவு கொஞ்சம் இடிக்கும். வீடியோல மேசைக்கு நட்டநடுவுல, கீபோர்டுக்கு நேர் கீழ கம்ப்யூட்டர் இருக்கும், சூப்பரா இருக்கும். ஆனா கணக்கு போடுங்க. மேசை உயரம் சாதாரணமா 75 செ.மீ. மதர்போர்ட படுக்க வச்சா கிராபிக்ஸ் கார்டு அது மேல செங்குத்தா நிக்கும், போர்டுல இருந்து 13, 14 செ.மீ., பெரிய கார்டுன்னா 15 கூட, அது மேல பவர் கேபிள் வளைய இன்னும் 3 செ.மீ. வேணும். ஆக உள்ள 18 செ.மீ., அடில பிளைவுட் ஒன்றரை ரெண்டு, மேல கண்ணாடி ஒண்ணு, மொத்தம் 21 செ.மீ. போச்சு. கீழ மிச்சம் 54. நாற்காலி 45 செ.மீ. உயரம், அது மேல உங்க தொடை ஒரு 15. இடிக்குதா? இடிக்கும். கார்ட ரைசர் கேபிள் (கார்டையும் போர்டையும் இணைக்கற நீட்டிப்பு கேபிள்) போட்டு படுக்க வச்சா உள்ள 10 செ.மீ. ஆழத்துல அடக்கிடலாம், எஸ்எம்பிஎஸ் படுத்தாலே 8.6 செ.மீ. வரும், அதுக்குக் கீழ குறைக்க முடியாது. ஆனா ரைசர் கேபிள் விலையும் ஜாஸ்தி, கார்டு நாலாவது ஜென் (இணைப்பு வேகத்தோட தலைமுறை), கேபிள் மூணாவது ஜென்னுன்னு இருந்தா சில சமயம் ஸ்க்ரீனே வராது, பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்) போய் கார்டு சொருகற ஸ்லாட்ட மூணாவது ஜென்னுக்கு மாத்தி வச்சா தான் வரும், புதுசா கட்டறவங்களுக்கு இந்த தலைவலி எதுக்கு.

அதனால மொத தடவை கட்டறீங்கன்னா மேசையோட வலது இல்ல இடது ஓரத்துல, ஆபீஸ் டேபிள்ல டிராயர் வர்ற இடத்துல ஒரு பெட்டி கட்டிக்கோங்க. 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம் இருந்தா மைக்ரோ ஏடிஎக்ஸ்ங்கற சின்ன சைஸ் மதர்போர்டும் பக்கத்துல எஸ்எம்பிஎஸ்ஸும் தாராளமா உக்காரும், போர்டு 24.4க்கு 24.4, எஸ்எம்பிஎஸ் அகலம் 15, கூட்டிப் பாத்தா கரெக்டா வரும். கால் இடிக்காது. கண்ணாடியும் அந்தப் பெட்டி மேல மட்டும் போட்டா போதும். கண்ணாடி எடை பத்தி யாரும் சொல்லவே மாட்டேங்கறாங்க, 8 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ வரும், மேசை முழுக்க போட்டா 21, 22 கிலோ, ஒவ்வொரு தடவை ஒரு கேபிள் மாத்தறதுக்கும் அத தூக்கணும். பெட்டி மேல மட்டும்னா அஞ்சரை கிலோ. டஃபன்டு கண்ணாடி தான் வாங்கணும், அது உடைஞ்சா சின்னச் சின்ன மொக்கைத் துண்டா உதிரும், சாதா கண்ணாடி கத்தி மாதிரி உடையும். ஆனா டஃபன் பண்ண அப்புறம் அத வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது, மொத்தமா சிதறிடும், அதனால கேபிள் ஓட்டை, கீல் ஓட்டை எல்லாத்தையும் மொதல்லயே வரைஞ்சு குடுத்துடுங்க. கீழ மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்ல ஆர்டர் குடுத்து கொண்டை ஊசி வளைவு எல்லாம் தாண்டி மேல ஏத்திட்டு வந்து, ஓட்டை அரை இன்ச் தள்ளி இருக்குன்னா அழறத தவிர வேற வழி இல்ல.

இப்ப காத்து. கடல் மட்டத்துல இருந்து ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100க்கு மேல, குன்னூர் 1,850 கிட்ட. இந்த உயரத்துல காத்து லேசு, ஊட்டி உயரத்துல அடர்த்தி சமவெளிய விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஃபேன் அதே வேகத்துல சுத்தும், அதே அளவு காத்தத் தான் தள்ளும், ஆனா அந்தக் காத்துல சரக்கு கம்மி, அதனால அது சுமந்துட்டுப் போற சூடும் கம்மி. அப்ப நமக்கு நஷ்டமான்னா, இல்ல. தோராயமா ஒரு கணக்கு பாருங்க. கோயம்புத்தூர்ல ஏப்ரல் மதியம் ரூம் 36 டிகிரி, ப்ராசசர் (கம்ப்யூட்டரோட மூளை சிப்பு) அத விட 40 டிகிரி மேல ஓடுதுன்னு வைங்க, 76. அதே மெஷின் ஊட்டில லேசான காத்துனால 40க்கு பதிலா 50 டிகிரி மேல ஓடுனா கூட ரூம் 20 தான், ஆக 70. லாபம் நமக்கு தான், ஆனா வெளிய குளுருதேன்னு ஃபேனே போடாம விடற அளவு லாபம் இல்ல.

பெட்டியோட முன்பக்கமோ அடியிலயோ ரெண்டு 120 மி.மீ. ஃபேன் உள்ள இழுக்கணும், பின்பக்கம் ஒண்ணு வெளிய தள்ளணும். ரெண்டு இழுத்து ஒண்ணு தள்ளுனா பெட்டிக்குள்ள அழுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும், சந்து பொந்து வழியா தூசி உள்ள வராம காத்து வெளிய தான் கசியும். இழுக்கற பக்கம் மெஷ் ஃபில்டர் போடுங்க, நம்ம ஊர்ல ரோட்டுத் தூசிய விட கம்பளி, ஸ்வெட்டர்ல இருந்து உதிர்ற நூல் தான் ஃபில்டர்ல மெத்தை மாதிரி படியும். சூடான காத்த காலுக்கு அடில விடலாமான்னு ஒரு ஆசை வரும் பாருங்க, ஜனவரி ராத்திரில எனக்கும் வந்தது தான். விடலாம், சுகமா தான் இருக்கும், ஆனா இழுக்கற ஃபேனும் அதே அடிப்பக்கம் இருந்தா விட்ட சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்து உள்ள வேக வச்சுடும், அதனால இழுக்கறது ஒரு பக்கம் விடறது எதிர்ப்பக்கம்னு வைங்க. சுவத்துல இருந்து பத்து பதினஞ்சு செ.மீ. தள்ளியே மேசைய போடுங்க, நம்ம வீட்டு சுவர் ஈரம் வேற ஊர்க்காரனுக்கு சொன்னா புரியாது.

ப்ராசசர் கூலர் விஷயத்துல, தண்ணிய பம்ப் பண்ணி சூட்ட ரேடியேட்டருக்குக் கொண்டு போற வாட்டர் கூலிங் மோகம் வேண்டாம்னு தான் சொல்வேன். அதுல பம்ப் மேலயும் ரேடியேட்டர் கீழயும் வந்துடக்கூடாது, வந்தா உள்ள இருக்கற காத்துக் குமிழி எல்லாம் பம்புல போய் நிக்கும், மேசைல எல்லாமே ஒரே மட்டத்துல படுத்திருக்கறதால இந்தத் தொல்லை சுலபமா வரும். ரைசன் 5 7600 ப்ராசசரோட டப்பாலயே வர்ற சின்ன கூலர் 5.4 செ.மீ. உயரம் தான், மேல இருந்து கீழ ஊதற டைப், கண்ணாடிக்கும் அதுக்கும் நடுவுல தாராளமா இடம் விட்டா இந்தக் குளிருக்கு அது போதும். இன்னொரு நல்ல விஷயம், போர்டு படுத்திருக்கறதால கார்டு நேரா நிக்குது, சாதா கேபினெட்ல வர்ற மாதிரி கார்டு தொங்கி வளையற பிரச்சனையே கிடையாது.

சரி, ஈரம். மூக்குக்கண்ணாடி போட்டவங்களுக்கு இது டக்குன்னு புரியும். பனில நடந்துட்டு டீக்கடைக்குள்ள நுழைஞ்சா கண்ணாடி ரெண்டும் மங்கிடும்ல, அதே கதை தான். காத்துல எப்பவும் தண்ணி ஆவியா கலந்திருக்கு, காத்து எவ்வளவு சூடோ அவ்வளவு ஆவிய தாங்கும். அந்தக் காத்து போய் ஒரு சில்லுனு இருக்கற பொருள் மேல பட்டா அந்த இடத்துல குளிர்ந்து, தாங்க முடியாத ஆவிய தண்ணியா கக்கிடும். எந்த டிகிரில கக்க ஆரம்பிக்குமோ அதுக்கு பனிநிலைன்னு பேரு. ரூம் 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா பனிநிலை சுமார் 16 டிகிரி. ஊட்டில ராத்திரி பூரா ரூம் 11, 12 டிகிரில கிடந்த மேசைக் கண்ணாடி, ஹீட் சிங்க் (ப்ராசசர் சூட்ட வாங்கிக்கற உலோகப் பாகம்), இரும்புத் தகடு எல்லாம் காலைலயும் அதே சில்லுல தான் இருக்கும், நீங்க எந்திரிச்சு அடுப்பு பத்த வச்சு, வெந்நீர் போட்டு, ரூம் ஹீட்டரும் போட்டுட்டீங்கன்னா அந்த ஈரமான வெதுவெதுப்பு மொத்தமும் நேரா போய் அதுங்க மேல தான் படியும்.

மெஷின் ஓடிட்டு இருக்கற வரைக்கும் பார்ட்ஸ் மேல பனி படியும்னு பயம் இல்ல, அதெல்லாம் ரூம விட சூடா இருக்கும், சூடான பொருள் மேல பனி படியாது. அந்த ஆபத்து ஆஃப் ஆகிக் கிடக்கற நேரத்துல தான். மர மேசைல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. மரமே ஈரத்த குடிச்சு வச்சிருக்கும். காத்துல ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தா மரத்துல ஒரு 12 சதவீதம் தண்ணி நிக்கும், 80 ஆனா 16 கிட்ட ஏறிடும். மழைக்காலத்துல ஈரம் குடிச்ச பெட்டிய உள்ள இருக்கற கம்ப்யூட்டர் சூடு பண்ணா மரம் அந்த ஈரத்த ஆவியா உள்ளயே விடும், மேல கண்ணாடி சில்லுனு இருக்கு, விடுமா? கண்ணாடியோட உள்பக்கம் ஓரமா, ஃபேன் காத்து சரியா படாத மூலைல, குட்டி குட்டி முத்தா தண்ணி கோத்து நிக்கும், அதுல ரெண்டு சேந்து கனமாகி கீழ சொட்டுச்சுன்னா சொட்டற இடம் கிராபிக்ஸ் கார்டு. அதனால தான் சொல்றேன், பெட்டிய டைட்டா மூடாதீங்க. கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவுல சின்ன ரப்பர் புஷ் வச்சு 3, 4 மி.மீ. இடைவெளி விடுங்க, ஆவி வெளியேறிப் போகட்டும்.

எந்த மரம்னு கார்பெண்டர் அண்ணன்கிட்ட கேட்டா, "தம்பி, ஜூலைல உங்க வீட்டு டிராயர் இழுத்தா வருதா? மார்ச்ல வருதா? அத சொல்லு மொதல்ல"ன்னு கேப்பாரு. மழைல மரம் அகலத்துல உப்பும், வெயில்ல சுருங்கும், இரும்புத் தகடு அப்படி ஆடாது. அதனால தகட்ட மரத்துல மாட்டற ஓட்டைய வட்டமா போடாம நீளமா போட்டு வாஷர் வச்சு மாட்டுங்க, மரம் நகந்தாலும் தகடு முறுக்காது, தகடு முறுக்குனா மேல இருக்கற மதர்போர்டும் முறுக்கும். மரத்தூள், நார ஒட்டி செய்யற பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் பக்கமே போகாதீங்க, ஓரம் ஊறி பிஸ்கட் மாதிரி ஆகிடும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சல்லிசா கிடைக்குதேன்னு பச்சையா வாங்கிட்டா காயும்போது முறுக்கி வெடிக்கும். சொந்தத் தோட்டத்து சில்வர் ஓக்க வெட்டி அறுத்து போட்டுக்கலாம்னு நினைக்கறவங்களுக்கு, மலைப்பகுதில மரம் வெட்ட 1955 வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பர்மிஷன் வாங்கணும்.

என்னோட ஓட்டு பிளைவுட்டுக்கு தான், அதுலயும் ஐஎஸ் 710ங்கற இந்தியத் தர முத்திரை இருக்கற மரைன் பிளை, 18 மி.மீ. எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒண்ணுல பெட்டி முடிஞ்சுடும், மேசைப் பலகைக்கு இன்னொண்ணு. ஐஎஸ் 303ல எம்ஆர்னு போட்டிருக்கறது விலை கம்மி, ஈரம் தாங்கும்னு பேர் வேற இருக்கும், ஆனா அது சமவெளி வீட்டு அலமாரிக்கு சரி, ஆறு மாசம் மேகத்துக்குள்ள உக்காந்திருக்கற வீட்டுக்குப் பத்தாது. வெட்டுன ஓரம், அடிப்பக்கம், பெட்டியோட உள்பக்கம், ஃபேன் ஓட்டையோட உள் விளிம்பு எல்லாத்துக்கும் பாலிஷோ பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங்கோ அடிக்கணும். எல்லாரும் கண்ணுக்குத் தெரியற மேல்பக்கத்த மட்டும் பளபளன்னு அடிச்சுட்டு அடிப்பக்கத்த அப்படியே விட்டுடறாங்க, ஈரம் குடிக்கறது அங்க தான். இந்த வேலைய ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள வச்சுக்கோங்க. ஊட்டி, கூடலூர் பக்கம் மழை ஜூன்ல பிடிக்கும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர்ல தான் ஊத்தும், எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த மூணு மாசம் காத்து வறட்சியா இருக்கும், பாலிஷ் நல்லா காயும். அதே வறட்சில ஸ்வெட்டர் கழட்டறப்ப படபடன்னு பொறி பறக்கும்ல, அந்தக் கையோட ரேம தொடாதீங்க, எஸ்எம்பிஎஸ்ஸ எர்த் உள்ள பிளக்ல சொருகி அதோட உலோக பாடிய ஒரு தடவை தொட்டுட்டு அப்புறம் எடுங்க.

பார்ட்ஸ் பத்தி நீட்டி முழக்க வேண்டியதில்ல. ரைசன் 5 7600 மாதிரி ஒரு 65 வாட் ப்ராசசர், 115 வாட் இழுக்கற ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, 550 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ், 1080பி (ஃபுல் ஹெச்டி) கேமுக்கு இது தாராளம். கேம் ஓடறப்ப மொத்தமா 250 வாட் சுமார் இழுக்கும். பவர் பட்டனுக்கு 16 இல்ல 19 மி.மீ. மெட்டல் புஷ் ஸ்விட்ச் வாங்கி மேசை விளிம்புல ஓட்டை போட்டு வைங்க, அமுக்கினா திரும்பி வர்ற டைப்பா கேட்டு வாங்கணும், அமுங்கியே நிக்கறது ஆகாது. ரெண்டு வயர், மதர்போர்டுல பவர் ஸ்விட்ச் பின்ல சொருகணும், பிளஸ் மைனஸ் பாக்கத் தேவையில்ல. எல்லாத்தையும் மேசைல மாட்டறதுக்கு முன்னாடி மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலயே வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க, மேசைக்குள்ள போனதுக்கப்புறம் எந்த பார்ட் சரியில்லன்னு தேடறது பெரும்பாடு.

கரண்ட் பக்கம் ஒண்ணே ஒண்ணு. ரூம் ஹீட்டரையும் இந்த மேசையையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டவே மாட்டாதீங்க. 6 ஆம்ப் பாக்ஸ் 230 வோல்ட்ல தாங்கறது 1,380 வாட் தான், ஹீட்டர் மட்டுமே 2,000 வாட், பிளாஸ்டிக் உருகும், சுத்தி இருக்கறது மரம். ஹீட்டருக்கு 16 ஆம்ப் தனி பிளக். காத்தடிச்சா மரம் லைன் மேல விழுந்து கரண்ட் போறது நமக்கு வாடிக்கை, அதனால யூபிஎஸ் வேணும், ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரியே வழவழப்பான அலை) பாத்து வாங்குங்க, மலிவு இன்வெர்ட்டரோட சதுர அலைக்கு இப்ப வர்ற எஸ்எம்பிஎஸ் பல சமயம் டக்குன்னு ஆஃப் ஆகிடும். இடி மின்னல்னா பிளக்க புடுங்கிடுங்க, கூடவே நெட் கேபிளையும். எலி பத்தியும் சொல்லிடறேன், குளிருக்கு வெதுவெதுப்பான இடம் தேடி வரும், பெட்டி அதுக்கு சொர்க்கம், கேபிள் விடற ஓட்டைக்கெல்லாம் இரும்பு மெஷ் போடுங்க, பிளாஸ்டிக் கொசுவலைய அது ஒரே ராத்திரில கடிச்சுப் போட்டுடும்.

மழைக்காலத்துல தினமும் ஒரு அரை மணி நேரமாவது மெஷின ஓட விடுங்க, கேம் விளையாட நேரம் இல்லன்னா பாட்டாவது போட்டு விடுங்க, அந்த சூடே உள்ள இருக்கற ஈரத்த விரட்டிடும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டா போதுமான்னு கேக்கறாங்க, ஃபேன் வெளிக்காத்த இழுத்துட்டே இருக்கற திறந்த பெட்டில அது எம்மாத்திரம், சீக்கிரமே நிறைஞ்சுடும். ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வர்றீங்க, நடுவுல விடாத மழைன்னா, வந்ததும் ஸ்விட்ச அமுக்காதீங்க, ரூம் ஹீட்டரையும் அவசரமா போடாதீங்க, சுவர், துணில இருக்கற ஈரம் ஆவியாகி, சில்லுனு இருக்கற பார்ட்ஸ் மேல போய் படிஞ்சுடும். கண்ணாடிய தூக்கி வச்சுட்டு சாதா டேபிள் ஃபேன ஒரு ரெண்டு மணி நேரம் உள்ள பாத்து ஓட விடுங்க, கண்ணாடியோட உள்பக்கத்தையும் ஹீட் சிங்க்கையும் கையால தடவிப் பாருங்க, விரல்ல ஈரம் ஒட்டலன்னா அப்புறம் பிளக்க மாட்டலாம்.